வேள்வி ஆடும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும்

களுபோவிலையில், பெரியாஸ்பத்திரிக்குச் செல்லும் வீதியிலிருந்து பிரிந்து உள்ளே வளையும் ஒழுங்கையொன்றில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். விகாரையின் பிரித் ஓதலும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே சாளரத்தின் வழியாக வந்து சேரும் இடம் இது. காற்று வாகாக வீசும் இரவுகளில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைச் சிங்கத்தின் உறுமலும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

2025ஆம் ஆண்டிலே வெசாக் பண்டிகை மே 12இலும் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7இலும் வந்தன. வெசாக்குக்கு இரண்டு நாள் முன்னதாகச் சிங்கள இளைஞர் சிலர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு படலையைத் தட்டினர். கொலைக்களத்துக்குப் போகவிருக்கும் மாடுகளை விலைகொடுத்து வாங்கி விடுவிப்பதற்காக அவர்கள் பணம் திரட்டிக்கொண்டிருந்தனர். ‘ஜீவித தானம்’ என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். உயிரைத் தானமாகக் கொடுத்தல் என்ற அந்தச் சொல்லின் அழகு என்னைக் கவர்ந்தது, கொடுத்தேன். பெருநாளன்று அடுத்த வீட்டு முஸ்லிம் அன்பர் தம் மகனிடம் குர்பானிப் பங்கில் ஒரு பொதியை அனுப்பிவைத்தார். “சேர், வாப்பா ஆட்டுப் பங்குதான் உங்களுக்குத் தரச் சொன்னார்” என்றான் பையன். அதனையும் இன்முகத்தோடு பெற்றுக்கொண்டேன். உயிரைக் காக்கப் பொருள் கொடுத்த கையும் ஊனைப் பெற்றுக்கொண்ட கையும் ஒன்றே என்ற உணர்வு அப்பொழுது எனக்கு எழவில்லை. எழுப்பியவர் வேறொருவர்.

இவ்விரண்டு நாள்களுக்கும் இடையில் வெள்ளவத்தையில் ஓர் இலக்கிய வட்டத்திலே, ‘சைவமும் உயிர்ப்பலியும்’ என்ற பொருள்பற்றிப் பேச நேர்ந்தது. திருக்குறளையும் நாவலரையும் வள்ளலாரையும் துணைக்கழைத்து, கோயிலில் ஆடு வெட்டுவது அநாகரிகம், அறியாமை, சைவத்துக்கே இழுக்கு என்று ஒரு மணிநேரம் முழங்கினேன். கரகோஷத்துக்குக் குறைவில்லை. கூட்டம் கலைந்தபின், பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மெல்ல அருகே வந்தார். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் அவருடைய முன்னோர் சிறியதொரு வைரவர் கோயிலைப் பரம்பரையாகப் பராமரித்து வந்தவர்களாம்.

“மாஸ்ரர், ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் மச்சம் தின்னுறேல்லையோ?”

“செவ்வாயும் வெள்ளியும் சைவம், ஐயா.”

“அப்ப மிச்ச அஞ்சு நாளும் உங்களுக்காக ஆட்டை வெட்டுறவன் அநாகரிகன் இல்லையோ?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. விடைக்காகக் காத்திருக்கவுமில்லை, குடையை எடுத்துக்கொண்டு காலி வீதிப் பக்கம் நடந்துவிட்டார். நான் எழுதப் புகுந்தது அந்தக் கேள்விக்கு விடை தேடியே.

முதலில் என் கடனை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிறுவயதில் எனக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டு, பிழைப்பது அரிது என்று வீட்டார் அஞ்சிய காலத்தில், அம்மம்மா ஊர் வைரவருக்கு ஒரு கிடாய் நேர்ந்துவிட்டார். காய்ச்சல் நீங்கியது. கிடாய்க்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. பிலாவிலைக் குழையும் சோறு வடித்த கஞ்சியும் எள்ளுப் புண்ணாக்கும் தின்று அது வளர்ந்தது. அம்மம்மா அதனோடு பேசுவார். மழை பெய்தால் அது திண்ணையில் ஏறிப் படுக்கும். நேர்ந்துவிட்ட கிடாய்க்கு அடி விழாது. அயலார் வேலியைக் கடித்தாலும் ஏச்சு விழாது. ‘வைரவற்றை ஆடு’ என்பார்கள். ஓர் ஆண்டு கழித்து அதன் கழுத்தில் மாலையிட்டு, பறைமேளம் முன்னே செல்ல, வேள்விக்கு நடத்திச் சென்றோம். கயிற்றின் ஒரு தலைப்பு என் கையில் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் ‘வேள்வி’ என்ற சொல் வந்து நின்ற இடத்தைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். பழைய நூல்களில் அந்தணர் வளர்க்கும் எரியைக் குறித்த சொல். தொண்டும் கொடையும் கூட வேள்வி எனப்பட்டதுண்டு. குடாநாட்டுக் கிராமங்களிலோ அது கிடாய் வெட்டுக்கே உரிய பெயராகிவிட்டது. வேள்வி ஆட்டு இறைச்சிக்குத் தனி மதிப்பும் உண்டு. வீட்டிலே கண்ணுக்கு முன் வளர்ந்த ஆடு, நோயில்லாத ஆடு, பங்கு போட்டு வாங்கிப் போக ஊரே காத்து நிற்கும். பக்தியும் பசியும் அங்கே ஒரே வரிசையில்தான் நின்றன. அதை மறைத்துப் பயனில்லை.

அன்று நான் கண்ட ஒரு காட்சி இன்றும் கண்ணை விட்டு அகலவில்லை. வெட்டுமுன் ஆட்டின் தலையிலும் முதுகிலும் மஞ்சள்நீர் தெளித்தார்கள். பின்பு எல்லோரும் பேசாமல் நின்றார்கள். ஆடு உடலைச் சிலிர்த்து உதறவேண்டும். உதறினால் அது சம்மதம் தந்துவிட்டது என்பது நம்பிக்கை. உதறாவிட்டால் வெட்டலாகாது. மீண்டும் நீர் தெளித்தார்கள். அது என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாம் முறை உதறியது. குளிர்ந்த நீர் பட்டால் எந்த ஆடும் உதறும் என்பது சிறுவனாகிய எனக்கே அப்பொழுது தெரிந்திருந்தது. பெரியவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் காத்து நின்றார்கள். பண்டைக் கிரேக்கரும் பலியிடப்போகும் எருதின் தலையில் நீர் தெளித்து, அது தலையசைத்தால் இசைவாகக் கொண்டனர் என்று அறிஞர் எழுதியிருக்கின்றனர். கொல்வது குற்றம் என்ற உணர்வு நெஞ்சின் அடியிலே இல்லாதவன் சம்மதம் கேட்பானா? பொய்ச் சம்மதந்தான், ஆனாலும் அதைக் கேட்கவேண்டும் என்று தோன்றியதே! நகரத்துக் கொலைக்களத்தில் எவரும் எந்த ஆட்டையும் எதுவும் கேட்பதில்லை.

இனி, பொதுவாழ்வில் இப்பிரச்சினை எப்படி வெடித்தது என்பதைப் பார்ப்போம். நம் நாட்டில் இரண்டு கோயில்கள் பெயர்பெற்றன. ஒன்று சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரம். அங்கே சிவன் கோயில் வேறு. அதன் அயலிலுள்ள பத்திரகாளி கோயில் வேறு. ஆண்டுத் திருவிழாவின் முடிவில் காளி கோயிலிலே ஆடும் கோழியும் பலியிடப்பட்டு வந்தன. நேர்த்திக்கடனோடு வருபவர்களில் தமிழர் மட்டுமல்லர், சிங்களப் பௌத்தரும் பெருந்தொகையினர். அந்தக் கோயிலை ஆராய்ந்து நூல் எழுதிய மானிடவியலாளர் ரொஹான் பஸ்ரின் இதனை விரிவாகக் காட்டியுள்ளார். பௌத்த அமைப்புகளின் எதிர்ப்பு வலுத்திருந்த வேளையில், 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் திகதி, அப்போது அமைச்சராக இருந்த மேர்வின் சில்வா தம் ஆள்களோடு கோயிலுக்குள் சென்று, பலிக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த பிராணிகளை ஏற்றிச் சென்றுவிட்டார். ஆடுகள் பிழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவ்வாரத்தில் நாடெங்கும் இறைச்சிக்கடைகள் வழக்கம்போலத் திறந்திருந்தன என்பதையும் மறக்க முடியவில்லை.

மற்றையது வலிகாமம் வடக்கில், கருகம்பனையிலுள்ள கவுணாவத்தை நரசிங்க வைரவர் கோயில். குடாநாட்டு வேள்விகளிலே பெரியது அது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிடாய்கள் விழும். இங்கே எதிர்த்து நீதிமன்றுக்குச் சென்றவர்கள் வேற்றுச் சமயத்தார் அல்லர், சைவர்களே. யாழ்ப்பாணம் மேல் நீதிமன்று 2017ஆம் ஆண்டு ஒக்டோபரில் கோயில்களில் உயிர்ப்பலியிடுவதற்குத் தடைவிதித்தது. மறு ஆண்டு செப்டெம்பரில், இந்து ஆலயங்களிலே விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடைசெய்யும் சட்டமொன்று கொண்டுவருவதற்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. அந்த முதியவருக்கு முன் நான் ஆற்றிய பிரசங்கத்தில் இவற்றையெல்லாம் வெற்றிகளாகவே அடுக்கியிருந்தேன்.

எதிர்ப்பின் வேர் பழையது. ஆறுமுக நாவலர் (1822–1879) சிறுதெய்வக் கோயில்களில் நடந்த உயிர்க்கொலையைத் தம் நாவாலும் எழுத்தாலும் சாடியவர். அதே காலத்தில் தமிழகத்தில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் (1823–1874), ஆடும் கோழியும் பன்றியும் பலியிடப்படும் கோயில்களைக் கண்ட போதெல்லாம் தம் உள்ளம் நடுங்கியதாகப் பாடியிருக்கிறார். இவ்விருவரும் எப்படிப்பட்ட பகைவர்கள் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அடிகளின் பாடல் அருட்பாவா மருட்பாவா என்று எழுந்த சண்டை, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படிவரை ஏறிற்று. வேறெந்த விடயத்திலும் ஒத்துப்போகாத இருவர் ஓர் ஆட்டின் உயிரைப் பற்றி ஒரே குரலில் பேசினார்கள் என்பதே அந்தக் குரலின் உண்மைக்குச் சான்று எனலாம்.

ஆனால் நான் மேடையில் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. நாவலர் கோயில் வாயிலோடு நிற்கவில்லை. பிள்ளைகள் படிப்பதற்கென்று அவர் எழுதிய பாலபாடம் நான்காம் புத்தகத்தில் ‘கொலை’ என்பது ஒரு பாடம். ‘புலாலுண்ணல்’ என்பது அடுத்துவரும் பாடம். வெட்டுபவனையும் உண்பவனையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. வள்ளலாரோ இன்னும் கடுமை. புலால் உண்போரைத் தம் உறவினத்தார் என்று அவர் ஏற்கவில்லை. அவர்களுக்குப் பசி வந்தால் அதைத் தீர்ப்பது மட்டுமே கடமை என்றார். 1867இல் வடலூரில் அவர் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. என்னைப் போன்றவன் அங்கே சென்றால் வயிறாரச் சோறு கிடைக்கும். ‘நம்மவன்’ என்ற சொல் கிடைக்காது. இப்பெரியோரின் குரலில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கோயிலுக்கு ஒரு சட்டமும் சமையலறைக்கு வேறொரு சட்டமும் வகுத்துக்கொண்டவர்கள் பின்வந்த நாங்களே.

வள்ளுவரும் அப்படியே. கொல்லாமைக்கு ஓர் அதிகாரம், புலால் மறுத்தலுக்கு வேறோர் அதிகாரம். ஆயிரம் வேள்வி செய்வதைக் காட்டிலும் ஓருயிரைக் கொன்று தின்னாமை நன்று என்று அவர் சொல்லுமிடம், கொல்லாமை அதிகாரத்திலன்று, புலால் மறுத்தலிலேயே வருகிறது. பலிபீடத்தைப் பற்றிப் பேசும்போதும் அவர் கண் உண்கலத்தின் மேல்தான். தின்பதற்கென்று வாங்குவோர் இல்லையானால் விற்போரும் இல்லை என்று சந்தை நியாயத்தையும் அவ்வதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறார். கையில் இரத்தம் படாதவன் தப்பிக்க அவர் வழி வைக்கவில்லை.

சைவத்தின் மரபோ ஒரே நிறத்தது அன்று. திருமுருகாற்றுப்படையின் இறுதிப் பகுதியைப் படித்தவர்கள் அறிவார்கள்: குறிஞ்சி நிலத்தார் முருகனை வழிபடும்போது ஆட்டுக் கிடாயை அறுத்து, அதன் குருதியில் பிசைந்த வெண்ணிற அரிசியைத் தூவுகிறார்கள். முருகனும் அங்கே வந்து உறைகிறான், முகஞ்சுளிக்கவில்லை. அந்நூல் பதினோராந் திருமுறையில் வைத்துப் போற்றப்படுகிறது; மரக்கறி உண்டு திருநீறு தரித்த அடியார்கள் அதனை நாள்தோறும் பாராயணம் செய்கின்றனர். அதை அச்சேற்றிய முன்னோடிகளுள் நாவலரும் ஒருவர்! கண்ணப்பர் வரலாறோ யாவரும் அறிந்தது. வாயால் சுவைபார்த்த பன்றியிறைச்சியை இறைவனுக்குப் படைத்தவர் நாயனாராகிறார். அதைக் கண்டு அருவருத்துக் கழுவித் துடைத்த சிவகோசரியார், அன்பு இன்னதென்று கற்பதற்கு மறைவில் நின்று பார்க்கவேண்டியதாயிற்று. எனவே, ‘சைவத்தில் இது என்றுமே இல்லை’ என்று ஒருவர் சாதித்தால் அது உண்மையாகாது. இருந்தது, பின்பு அதனைக் கடந்து ஒரு நெறி வளர்ந்தது. அப்படிச் சொல்வதே அந்த நெறிக்குப் பெருமை.

வளர்ந்த நெறி பழையதை முற்றாக அழித்துவிடவுமில்லை. ஆகமக் கோயில் எதிலும் கொடிமரத்தை அடுத்துப் பலிபீடம் இருக்கிறது. ஆணவத்தைப் பலியிடும் இடம் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நீற்றுப்பூசணிக்காயை வெட்டி உள்ளே குங்குமம் தடவி வைக்கிறார்களே, அந்தச் சிவப்பு எதன் சிவப்பு? விசயதசமியன்று மானம்பூத் திருவிழாவில் வாழையை அசுரனாக நிறுத்தி ஒரே வீச்சில் வெட்டுகிறோம். ஆட்டின் இடத்திலே காயும் மரமும் வந்து நின்றன. யாரோ ஒரு பூசாரி, யாரோ ஒரு காலத்தில், கத்தியை ஓங்கி நின்று, ‘இந்த உயிர் வேண்டாம், வேறொன்றை வைப்போம்’ என்று நினைத்திருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு நான் பெரிதும் கடன்பட்டவன். காவலரோ கட்டளையோ இல்லாமல் மாறிய இடம் அது.

மாற்றத்தில் இன்னொரு வகையும் உண்டு. அதைப் பேசும்போதுதான் குடையோடு நடந்த முதியவரின் முகம் எனக்கு எதிரே வருகிறது. குடாநாட்டில் அண்ணமார் கோயில்கள் பிள்ளையார் கோயில்களாயின, கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி கோயில்களாயின, வைரவர் ஞானவைரவரானார். ஆடு வெட்டு நின்றது, நல்லது. ஆனால் அதனோடு பல இடங்களில் பழைய பூசாரியும் வெளியே போனார். சூலத்தையும் கல்லையும் தொட்டுப் பூசை செய்த கை, பின்பு கர்ப்பக்கிருகத்தைத் தொட முடியாத கையாயிற்று. பெரிய கோயில் வாயில்கள் தங்களுக்கு அடைத்திருந்த காலத்தில், மரத்தடியிலே தங்களுக்கென்று ஒரு தெய்வத்தை வைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். அவர்களிடம் போய், ‘உன் தெய்வம் சிறுதெய்வம், உன் வழிபாடு அநாகரிகம்’ என்று சொல்லும்போது, ஆட்டுக்காகப் பேசுகிறோமா, நம் மேன்மைக்காகப் பேசுகிறோமா என்பதைச் சொல்பவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டும். நான் கேட்டுக்கொண்டதில்லை.

தமிழகத்தில் இதே சிக்கல் அரசியலாகவே வெளிப்பட்டது. கோயில்களில் விலங்கு, பறவைகளைப் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1950ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அரை நூற்றாண்டாக அது ஏட்டில் உறங்கிற்று. ஐயனாருக்கும் முனீஸ்வரருக்கும் கருப்பண்ணசாமிக்கும் கிடாய் வெட்டு நடந்துகொண்டே இருந்தது. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா அச்சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த ஆணையிட்டார். கிராமங்கள் கொதித்தன. குலதெய்வத்துக்கு நேர்ந்த கடனைச் செலுத்த முடியாமல் மக்கள் தவித்தனர். 2004இல், பொதுத் தேர்தல் அண்மித்த வேளையில், அச்சட்டமே நீக்கப்பட்டது. சட்டம் வந்த வழியிலேயே திரும்பிப் போயிற்று. ஒருவர் நெஞ்சையும் அது மாற்றியதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவிலும் ஒரு வழக்கு. கியூபாவிலிருந்து குடியேறிய சாந்தரியா சமயத்தார் புளோரிடா மாநிலத்து ஹயலியா நகரில் கோயில் அமைக்க முற்பட்டனர். அவர்கள் கோழியும் ஆடும் பலியிடுவோர் என்றறிந்த நகரசபை, 1987இல் பலியிடலைத் தடுக்கும் விதிகளை அவசரமாக இயற்றியது. வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்றது. 1993இல் நீதியரசர்கள் அனைவரும் ஒருமித்து அவ்விதிகளைச் செல்லாதன ஆக்கினர். நியாயம் எளிது: உணவுக்குக் கொல்லலாம், வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம், தொல்லை தரும் எலியைக் கொல்லலாம், வழிபாட்டுக்குக் கொல்வது ஒன்றே குற்றம் என்றால், அந்தச் சட்டத்தின் இலக்கு கொலையன்று, வழிபாடு. நம் முதியவர் கேட்டதும் ஏறத்தாழ இதுவே. அவருக்குச் சட்டத்தரணியின் துணை தேவைப்படவில்லை.

இப்படியெல்லாம் எழுதுவதால், பலியை ஆதரிக்கிறேன் என்று யாரும் கொள்ளவேண்டாம். கயிற்றின் தலைப்பு கையில் இருந்தவன் நான். அதன் கனம் எனக்குத் தெரியும். பலிக்கு எதிரான குரல்களிலே என் உள்ளத்தைத் தொட்டவை எவை என்று எண்ணிப் பார்த்தேன். தம்மைத் தாமே முதலில் எடைபோட்டுக்கொண்ட குரல்கள் அவை.

அசோகனுடைய முதலாம் பாறைக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தன் ஆட்சி எல்லையில் எவ்வுயிரையும் கொன்று வேள்வி செய்யலாகாது என்று அரசன் கட்டளையிடுகிறான். அங்கே நிறுத்தியிருந்தால் அவனும் நம்மைப் போன்றவனே. ஆனால் அடுத்தபடியாகத் தன் சமையலறைக் கதவைத் திறந்து காட்டுகிறான். முன்பு அங்கே நாள்தோறும் நூறாயிரக்கணக்கில் உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டனவாம். கல்லில் எழுதும் காலத்தில் மூன்று மட்டும்: இரண்டு மயில், ஒரு மான், மானும் எல்லா நாளும் இல்லை. இனி அவையும் நின்றுவிடும் என்று முடிக்கிறான். மூன்று என்ற அந்த எண்ணை அவன் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. பேரரசன் ஒருவன் தன் உணவின் கணக்கைக் கல்லில் வெட்டி மக்கள் பார்வைக்கு நிறுத்திய வேறோர் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அவன் மகன் எனப் போற்றப்படும் மகிந்தர் நம் நாட்டுக்கு வந்தபோது, தேவநம்பியதீசன் மிகுந்தலை மலையிலே மான் வேட்டையில் இருந்தான் என்று மகாவம்சம் சொல்வதும் பொருத்தமாகவே இருக்கிறது. பின்வந்த ஆமண்டகாமினி அபயன் தீவெங்கும் கொல்லாமையை ஆணையிட்டான் என்றும் அந்நூல் கூறும்.

பௌத்த மரபில் கூடதந்த சூத்திரம் இன்னும் நுட்பமானது. கூடதந்தன் என்னும் பிராமணன் காளை, கன்று, கிடேரி, வெள்ளாடு, செம்மறி என ஒவ்வொன்றிலும் எழுநூறு கொண்டுவந்து வேள்வித் தூண்களிலே கட்டி வைத்திருக்கிறான். பெருவேள்வி செய்வது எப்படி என்று புத்தரிடமே வந்து கேட்கிறான். புத்தர் அவனை ஏசவில்லை. முன்பொரு காலத்தில் மகாவிஜிதன் என்ற அரசனுக்கு அவனுடைய புரோகிதன் சொன்ன அறிவுரையைக் கதையாகச் சொல்கிறார்: முதலில் உழவனுக்கு விதை கொடு, வணிகனுக்கு முதல் கொடு, ஊழியனுக்குக் கூலி கொடு; நாடு அமைதியுற்ற பின் நெய்யும் தேனும் கொண்டு வேள்வி செய். கேட்டு முடித்த பிராமணன் மூவாயிரத்தைந்நூறு உயிர்களையும் தானே அவிழ்த்துவிடுகிறான். அவிழ்த்தது அவன் கை. முன்னேஸ்வரத்தில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

நம் மணிமேகலையிலும் ஒரு கை கயிற்றை அவிழ்க்கிறது. கொம்பிலே மாலை சுற்றி, மறுநாள் வேள்விக்கென்று கட்டிவைத்திருந்த பசுவை ஆபுத்திரன் இரவில் அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடிபடுகிறான், அடிபடுகிறான், ஊரை விட்டே துரத்தப்படுகிறான். அவனை அடித்த உபாத்தியாயனைப் பசு முட்டித் தள்ளிக் காட்டுக்கு ஓடுகிறது. சாத்தனார் அந்தக் காட்சியை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஆபுத்திரன் கையில்தான் பின்பு அமுதசுரபி வந்து சேர்கிறது. நாம் நயினாதீவு என்று சொந்தங்கொண்டாடும் மணிபல்லவத்துப் பொய்கையிலிருந்து அது மணிமேகலையை அடைகிறது. உயிரை விடுவித்தவனுக்கே ஊரின் பசி தீர்க்கும் பாத்திரம் வாய்த்தது என்பது கதையின் அமைப்பு. வடலூர் அடுப்பும் அதே முறையில் ஏற்றப்பட்டதே. ஆட்டின் மேல் இரக்கமும் அயலானின் பசியின் மேல் இரக்கமும் இவர்களிடம் வெவ்வேறாக இருக்கவில்லை.

அடுத்த வீட்டு அன்பரின் பொதிக்கு வருவோம். இறைச்சியும் இரத்தமும் இறைவனிடம் போய்ச் சேர்வனவல்ல, அடியானின் பயபக்தியே சேர்வது என்பது திருக்குர்ஆனின் ஹஜ் அத்தியாயத்துக் கருத்து. இறைச்சியை மூன்று பங்காக்கி, ஒன்று வீட்டுக்கு, ஒன்று உறவினருக்கும் அயலாருக்கும், ஒன்று ஏழைகளுக்கு என்று பகிர்வது வழக்கம். கத்தி கூராக இருக்கவேண்டும். பிராணியின் கண்ணெதிரே அதைத் தீட்டலாகாது. ஒன்றின் முன் மற்றொன்றை அறுக்கலாகாது. இவையெல்லாம் அவர்கள் நெறிமுறைகள். கொல்லாமையை நாடும் என் மனம் அங்கே முழுதாக அமைதியடையவில்லை என்பதை மறைக்கமாட்டேன். ஆயினும் கொல்லப்படும் உயிரின் அச்சத்தை எண்ணிப் பார்த்து விதி வகுத்தவர்களை, பலசரக்குக் கடையின் குளிர்பெட்டியிலிருந்து நெகிழித்தாளில் சுற்றிய இறைச்சியை எடுத்துவரும் நான் எந்த வாயால் குறைசொல்வது?

நாட்டின் சட்டத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றியது. நெருக்கி அடைத்து, நீரின்றி மாடுகளை ஏற்றிச் செல்பவனுக்கு அது விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபாய். 1907இல் நூறு ரூபாய் பெருந்தொகை. நூறாண்டு கழிந்த பின்பு அதுவே ஒரு பகடியாயிற்று. சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு வரைவு எழுதியது. அந்த வரைவு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தது. வேள்விக்கு எதிராகக் கூட்டம் கூட்டிய என்னைப் போன்றோர் எவரும் அந்த வரைவுக்காக ஒரு கூட்டமாவது வைத்ததாக நினைவில்லை. கோயிலில் விழும் ஆடு கண்ணில் படுகிறது. லொறியில் தாகத்தால் மூச்சிரைக்கும் மாடு கண்ணில் படுவதில்லை.

அந்த இலக்கிய வட்டத்திலே மீண்டும் பேச அழைத்திருக்கிறார்கள். முதியவர் வருவாராயின், அவருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவே: ஞாயிற்றுக்கிழமைக் கறியை நிறுத்தியிருக்கிறேன், இரண்டு முறை தவறியும் இருக்கிறேன். பெருநாள் பொதியைத் திருப்பி அனுப்பும் துணிவு வரவில்லை. அடுத்த பெருநாளில், பையன் வருமுன் நானே அவன் வாப்பாவிடம் சென்று, என் பங்கையும் ஏழைகளின் பங்கோடு சேர்த்துவிடும்படி கேட்கலாம் என்று நினைக்கிறேன். அவர் என்ன எண்ணுவாரோ தெரியவில்லை.

வேள்வியன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்த பங்கை அம்மம்மாவே காய்ச்சினார். சரக்குத்தூள் மணம் ஒழுங்கைவரை வீசிற்று. பிள்ளைகள் எங்களை வரிசையாக இருத்தி, தலைவாழை இலை போட்டுப் பரிமாறினார். உண்டு முடித்த பின் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மம்மா பழஞ்சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஊறுகாய் மட்டும் இருந்தது. என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“கறிக்கு உப்புக் காணுமோ, மோனை?”